மருந்தும் மரபும் மருந்தாளரும்

அரசாங்க ஆஸ்பத்திரியொன்றின் வெளிநோயாளர் பகுதியில் ஒரு காலைப்பொழுதைக் கழித்தவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். வைத்தியரின் அறைக்கு முன்னுள்ள வரிசையிலும் பார்க்க நீண்ட வரிசையொன்று மருந்து கொடுக்கும் யன்னலுக்கு முன்னால் நிற்கும். துண்டை உள்ளே நீட்டுகிறோம். குளிசைகள் அடங்கிய சிறிய உறை வெளியே வருகிறது. "காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்." இவ்வளவே அங்கு நடைபெறும் உரையாடல். உள்ளே நிற்பவரின் முகத்தை நாம் சரியாகப் பார்ப்பதில்லை. எமது முகத்தைப் பார்க்க அவருக்கும் நேரமில்லை. ஆயினும், மருந்து நோயாளியிடம் வந்து சேருமுன் அதைத் தொடுகின்ற கடைசிக் கை அவருடையதே.

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தை மாணவர்க்குக் கற்பிக்கும்போது அதன் இறுதிக் குறளை நாம் விரைவாகக் கடந்துவிடுவது வழக்கம். மருத்துவத்தை வள்ளுவர் அங்கே நான்கு கூறாக வகுக்கிறார்: நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகே நின்று அம்மருந்தை இயற்றிக் கொடுப்பவன். முதல் மூன்றையும் பற்றி உலகம் நிறையப் பேசியிருக்கிறது. நான்காமவன் பேச்சில் இடம்பெறுவதில்லை. அவனுக்கு எண்ணத் தெரிந்தால் போதும், எழுத்து வாசிக்கத் தெரிந்தால் போதும் என்பது பலரது நினைப்பு. இந்நினைப்பு எவ்வளவு தவறானது என்பதைக் கடந்த நூறாண்டு கால விஞ்ஞான வரலாறு காட்டி நிற்கிறது. அவ்வரலாற்றையே இங்கு நாம் ஆராய விரும்புகிறோம்.

ஒரே நோய்க்கு, ஒரே மருந்தை, ஒரே அளவில் மூவருக்குக் கொடுக்கிறார்கள். ஒருவர் குணமடைகிறார். இரண்டாமவருக்கு எவ்வித பலனுமில்லை. மூன்றாமவர் அம்மருந்தினாலேயே சாவின் விளிம்புக்குப் போய் வருகிறார். இதை எம்மவர் விதி என்பர். வைத்தியரின் கைராசி என்பர். சிலர் "உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லி அமைவர். இறுதியாகக் கூறிய சொற்றொடரில் உண்மையின் ஒரு கீற்று இருக்கிறது. ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்ற கேள்விக்கான விடையின் ஒரு பகுதி பரம்பரையில், அதாவது தாய் தந்தையரிடமிருந்து நாம் பெறும் பரம்பரையலகுகளில், அடங்கியுள்ளது. இதனை ஆராயும் துறைக்கு மருந்துப் பிறப்புரிமையியல் என்று பெயர். இத்துறை பிறந்த இடம் பல்கலைக்கழக மண்டபம் மட்டுமன்று. வாழைத்தோட்டத்திலும் சிறைச்சாலையிலும் அது பிறந்தது.

1920களில் ஜேர்மனிய இரசாயனவியலாளர் மலேரியாவுக்கு எதிராகப் பமாகுவின் என்னும் செயற்கை மருந்தை உருவாக்கினர். அதை உடனே பரீட்சித்துப் பார்த்தவர்களுள், மத்திய அமெரிக்க நாடுகளை வாழைத்தோட்டங்களாக மாற்றி வைத்திருந்த யுனைட்டட் புரூட் கம்பனியின் வைத்தியர்களும் அடங்குவர். தொழிலாளி காய்ச்சலில் படுத்தால் குலை வெட்ட ஆளில்லை; ஆகவே கம்பனிக்கு மலேரியா ஒரு கணக்கு வழக்குப் பிரச்சினை. மருந்து கொடுக்கப்பட்ட தொழிலாளருள் சிலரது சிறுநீர் கறுத்தது, குருதி குன்றியது. அவர்களது குருதிச் செங்கலங்கள் உடலுக்குள்ளேயே உடைந்து சிதைந்திருந்தன. 1926ஆம் ஆண்டிலேயே இது பதிவு செய்யப்பட்டது. ஏன் சிலருக்கு மட்டும் இவ்வாறு நேர்ந்தது என்ற கேள்வி விடையின்றி நின்றது.

அக்கேள்விக்கு விடை தேடும் அவசரத்தை உண்டாக்கியது இரண்டாம் உலகப் போர். மலேரியாவுக்குப் பழைய மருந்தாகிய குயினைன், பெரும்பாலும் யாவாத் தீவின் சிங்கோனாத் தோட்டங்களிலிருந்தே உலகுக்குக் கிடைத்து வந்தது. 1942ஆம் ஆண்டு யாவா யப்பானியரின் கைக்கு மாறியது. பசிபிக் தீவுகளில் போரிட்ட அமெரிக்கப் படைகளுக்குள் மலேரியா பரவியது. புதிய மருந்து வேண்டும்; அதைப் பரீட்சிக்க மனித உடல்கள் வேண்டும். இலினோய் மாநிலத்தில் யோலியற் நகருக்கு அருகேயுள்ள ஸ்டேட்வில் சிறைச்சாலையில், 1944ஆம் ஆண்டு முதல், சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அல்வ் அல்விங் என்னும் வைத்தியரின் தலைமையிலான குழுவினர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். நுளம்புகளைக் கொண்டு கைதிகளுக்கு மலேரியா ஊட்டப்பட்டது. பின்னர் புதிய மருந்துகள் கொடுக்கப்பட்டன. முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே நானூறுக்கு மேற்பட்ட கைதிகள் இதற்கு உடன்பட்டனர்.

'உடன்பட்டனர்' என்ற சொல்லை நாம் சற்று நிறுத்தி நோக்க வேண்டும். கைதிகள் பத்திரத்தில் ஒப்பமிட்டார்கள் என்பது உண்மை. ஒப்பமிட்டவர்களுக்குச் சிறிது பணமும், தண்டனைக் காலக் குறைப்பு என்னும் நம்பிக்கையும் கிடைத்தன என்பதும் உண்மை. மதிலுக்குள் அடைபட்ட மனிதன் மதிலுக்கு வெளியே போகும் நாளை எண்ணி இடுகின்ற ஒப்பம் எவ்வளவு சுதந்திரமானது? 1946-47இல் நூரம்பேர்க்கில் நாஜி வைத்தியர்கள் விசாரிக்கப்பட்டபோது, எதிரிகளின் சட்டத்தரணிகள் ஸ்டேட்வில் சிறைச்சாலையைச் சுட்டிக் காட்டி, "உங்கள் நாட்டிலும் இது நடக்கிறதே" என்ற வகையில் வாதாடினர். அந்த வாதம் நாஜிகளின் கொடுமையை ஒருபோதும் குறைத்துவிடாது. வதைமுகாமையும் ஸ்டேட்வில்லையும் ஒரே தராசில் வைப்பது நேர்மையன்று. ஆனால், வதைமுகாமைக் கண்டு நடுங்கிய நீதி, சொந்த நாட்டுச் சிறையை நோக்கியபோது அவ்வளவு கலங்கவில்லை. இலினோய் ஆளுநர் நியமித்த குழு அச்சிறை ஆராய்ச்சியை முன்மாதிரியானதெனப் புகழ்ந்தது. அது 1970களின் நடுப்பகுதிவரை நீடித்தது.

அச்சிறையிலேதான் எமது கதையின் முக்கிய கட்டம் நிகழ்ந்தது. பமாகுவினின் வழிவந்த பிறைமாகுவின் என்னும் மருந்து மலேரியாவை வேரோடு களையவல்லது என்று கண்டனர். கொரியப் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் போர்வீரர்க்கு 1951ஆம் ஆண்டு முதல் அது கப்பலிலேயே வழங்கப்பட்டது. ஆனால் கறுப்பினத்தவருள் ஏறக்குறையப் பத்து ஆண்களில் ஒருவருக்கு அம்மருந்து செங்கலங்களை உடைத்தது. மருந்தின் குற்றமா, ஈரலின் குற்றமா, குருதியின் குற்றமா? இதனை அறிய ஆராய்ச்சியாளர் எளிமையும் கூர்மையும் வாய்ந்த ஒரு பரிசோதனை செய்தனர். மருந்து ஒவ்வாத கைதியின் செங்கலங்களுக்குக் கதிர்த்தொழிற்பாடுள்ள குரோமியத்தால் அடையாளமிட்டு, மருந்து ஒத்துக்கொள்ளும் மற்றொருவரின் உடலிற் செலுத்தினர். மருந்து கொடுத்ததும் அந்நிய உடலிலும் அச்செங்கலங்களே உடைந்தன. மாறாக, ஒத்துக்கொள்பவரின் செங்கலங்கள் ஒவ்வாதவரின் உடலிற் கேடின்றி வாழ்ந்தன. ஆகவே குறை செங்கலத்துக்குள்ளேயே இருந்தது. 1954இல் வெளிவந்த இம்முடிவைத் தொடர்ந்து, 1956ஆம் ஆண்டில் அக்குறை எதுவென்பது தெளிவாயிற்று. செங்கலத்தைக் காக்கும் இரசாயனப் பொருளைக் குன்றாது வைத்திருக்க உதவும் நொதியமொன்று, குளுக்கோசு-6-பொசுபேற்று டீஐதரசனேசு என்பது, அவர்களிடம் குறைவாக இருந்தது. இக்குறை பரம்பரையாக வருவது. எக்ஸ் நிறமூர்த்தத்தின் வழியே வருவதால் ஆண்களிடம் கூடுதலாக வெளிப்படுவது.

இதைக் கேட்டதும், "கறுப்பு இரத்தம் குறையுள்ள இரத்தம்" என்று முடிவு கட்ட இனவாதி விரைந்தோடி வருவான். விஞ்ஞானம் அவனுக்கு இடங்கொடுக்கவில்லை. இந்நொதியக் குறை ஆபிரிக்காவில் மட்டுமன்று, மத்தியதரைக் கடலின் கரைகளிலும், மத்திய கிழக்கிலும், இந்தியாவிலும், தென்கிழக்காசியாவிலும் உண்டு. உலகில் ஏறக்குறைய 40 கோடி மக்களிடம் அது காணப்படுகிறது. மலேரியா நெடுங்காலம் குடிகொண்டிருந்த நிலங்களின் வரைபடமும் இக்குறையுள்ள மக்களின் வரைபடமும் பெரிதும் ஒத்திருக்கின்றன. ஏனெனில் இக்குறையே கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பளித்தது; பல தலைமுறைகளாகக் காய்ச்சலோடு போராடிப் பிழைத்தவர்களின் வழித்தோன்றல்கள் அந்தப் போராட்டத்தின் தழும்பைக் குருதியிலே சுமக்கிறார்கள். மலேரியாவை எதிர்த்து நிற்க இயற்கை கொடுத்த கேடயமே மலேரியாவுக்கான மருந்தை நஞ்சாக்கியது. இதில் உயர்ந்த இரத்தமும் இல்லை, தாழ்ந்த இரத்தமும் இல்லை. இருப்பது வரலாறு மட்டுமே.

அதே 1956ஆம் ஆண்டில், எமக்கு அண்மையிலுள்ள சென்னையில் இக்கதையின் மற்றோர் இழை தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிச் சபை, சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை ஆகியன சேர்ந்து அங்கே சயரோகச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையமொன்றை நிறுவின. ஐசோனியசிட் என்னும் மருந்து 1952இல் நடைமுறைக்கு வந்திருந்தது. செல்வர் நாடுகளிற்போல நல்ல உணவும் காற்றோட்டமும் ஓய்வும் உள்ள சிகிச்சை மாளிகைகளில் நோயாளியை மாதக்கணக்கில் வைத்திருக்கச் சென்னையின் சேரி மக்களுக்கு வழியில்லை. வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாற் குணமாகுமா? குணமாகும் என்று 1959இல் வெளியிடப்பட்ட அந்நிலையத்தின் ஆய்வு நிலைநாட்டியது. ஏழைக்கு வேண்டியது மாளிகையன்று, தவறாமற் கிடைக்கும் மருந்து என்ற அம்முடிவு உலகெங்கும் சயரோகச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது.

அதே நிலையத்தில் மற்றொன்றும் ஆராயப்பட்டது. ஐசோனியசிட்டைச் சிலரது உடல் விரைவாகச் செயலிழக்கச் செய்கிறது. சிலரது உடல் மெதுவாகச் செய்கிறது. இது பரம்பரையால் அமைவதென்பதை இங்கிலாந்தைச் சேர்ந்த பிறைஸ் எவன்சும் அவரது தோழர்களும் 1960இல் காட்டினர். மெதுவாகச் செயலிழக்கச் செய்பவரின் உடலில் மருந்து தேங்குகிறது. அவர்களது கைகால்கள் விறைத்து, நரம்புகள் பாதிப்படையும் வாய்ப்புக் கூடுகிறது. அதற்கு மாற்று, மலிவான பி6 உயிர்ச்சத்து. விரைவாகச் செயலிழக்கச் செய்பவர்க்கோ, வாரத்துக்கு ஒருமுறை மட்டும் மருந்து கொடுக்கும் முறை போதிய பலன் தரவில்லை. இவற்றையெல்லாம் சென்னையின் ஏழை நோயாளரிடமிருந்தே உலகம் கற்றது. ஆனால் இங்கு ஒரு வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும். ஸ்டேட்வில் கைதிக்கு நோய் ஊட்டப்பட்டது. சென்னையின் தொழிலாளிக்கு நோய் தீர்க்கப்பட்டது. அறிவைத் தேடும் வழிகள் எல்லாம் ஒன்றல்ல என்பதற்கு இவ்விரு இடங்களுமே சான்று.

சிதறிக்கிடந்த இக்கண்டுபிடிப்புகளை ஒரு நூலிற் கோத்தவர் ஆணோ மொட்டுல்ஸ்கி. 1939ஆம் ஆண்டு நாஜிகளிடமிருந்து தப்பி ஓடிய யூத அகதிகளை ஏற்றிச் சென்று, கியூபாவிலும் அமெரிக்காவிலும் கரையேற அனுமதி மறுக்கப்பட்டு ஐரோப்பாவுக்கே திருப்பி அனுப்பப்பட்ட 'சென் லூயி' கப்பலில் இருந்த சிறுவன் அவர். 'இரத்தத் தூய்மை' என்னும் பொய்யினால் நாடிழந்த அச்சிறுவன் பின்னாளில் அமெரிக்காவில் வைத்தியராகி, 1957இல், மருந்துகளின் சில தீய விளைவுகளுக்குப் பரம்பரை வேறுபாடே காரணம் என்று எழுதினார். 1959இல் ஜேர்மனியரான பிரீட்ரிக் வோகல் இத்துறைக்குப் பெயரிட்டார். 1962இல் ரொறன்ரோவிலிருந்த வேர்ணர் காலோ இதுபற்றிய முதல் நூலை வெளியிட்டார்.

இவ்விடத்தில் முற்போக்காளராகிய நாம் எம்மை நோக்கியும் ஒரு சொல் கூறிக்கொள்ள வேண்டும். பிறப்புரிமையியல் பூர்ஷ்வா விஞ்ஞானம் என்று லைசென்கோ முழங்க, 1948 ஆகஸ்டில் சோவியத் நாட்டில் அத்துறை அதிகாரபூர்வமாகவே ஒடுக்கப்பட்டது. உலகத்துப் பயிர்களின் விதைகளையெல்லாம் திரட்டிய பேரறிஞர் வவிலோவ் அதற்கு முன்னரே, 1943இல், சரத்தோவ் சிறையில் மாண்டுபோனார். மனிதரிடையேயுள்ள பரம்பரை வேறுபாட்டை ஒப்புக்கொண்டாற் சமத்துவம் கெட்டுவிடும் என்று அஞ்சியவர்கள் எமது அணியிலும் இருந்தார்கள். அவ்வச்சம் தவறானது. எல்லாருக்கும் ஒரே அளவுச் செருப்பைக் கொடுப்பது சமத்துவமன்று. எல்லாருடைய காலுக்கும் செருப்புக் கிடைக்கச் செய்வதே சமத்துவம். மனிதருக்குள் வேறுபாடு உண்டென்பது விஞ்ஞானம். அவ்வேறுபாட்டை உயர்வு தாழ்வென்று மொழிபெயர்ப்பதே வர்க்க சமுதாயத்தின் வேலை.

1962இல் நூலாகிவிட்ட அறிவு மருந்து கொடுக்கும் யன்னலுக்கு வந்து சேர எத்தனை காலம் எடுத்தது? இதுவே எமது பிரதான கேள்வி.

அறிவு வளராமல் நின்றுவிடவில்லை. 1975இல் லண்டன் சென் மேரீஸ் வைத்தியசாலை மருத்துவக் கல்லூரியில் றொபேட் சிமித் என்னும் ஆராய்ச்சியாளர், டெப்ரிசோகுவின் என்னும் குருதியமுக்க மருந்தைத் தாமே உட்கொண்டு பார்த்தார். உடனிருந்தவர்களுக்கு எதுவும் நேரவில்லை. அவரோ எழுந்து நிற்க முடியாதபடி குருதியமுக்கம் வீழ்ந்து துவண்டார். அம்மருந்தை மாற்றும் ஈரல் நொதியமொன்று அவரிடம் செயற்படவில்லை என்பது பின்னர் தெரிந்தது. அதே நொதியம் வேறு பல மருந்துகளையும் ஆள்கிறது. நோவுக்குக் கொடுக்கப்படும் கோடெயின் அவற்றுள் ஒன்று. கோடெயின் தானாக நோவைத் தீர்ப்பதில்லை. அந்நொதியம் அதன் ஒரு பகுதியை மோர்பீனாக மாற்றினாற்றான் நோவு தீரும். நொதியம் செயற்படாதவர் எத்தனை குளிசை விழுங்கினாலும் நோவோடு கிடப்பார். நொதியம் மிகுதியாகச் செயற்படுபவருக்கோ வழக்கமான அளவே மூச்சை அடக்கிவிடக்கூடும். இக்காரணத்தால் 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் திணைக்களம் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கோடெயின் கொடுக்கலாகாது என்று அறிவித்தது.

அறிவு இவ்வாறு வளர்ந்துகொண்டே போயிற்று. ஆனால் அது பயன்படும் இடத்துக்குப் போகவில்லை. இதற்கு ஓர் உதாரணம் போதும். 2003ஆம் ஆண்டில் ஆபிரிக்காவின் ஏழை மக்களுக்கென 'லாப்டாப்' என்னும் மலிவான மலேரியா மருந்து வெளிவந்தது. அதன் ஒரு கூறு டாப்சோன். நாம் மேலே கூறிய நொதியக் குறை உள்ளவர்களின் செங்கலங்களை டாப்சோன் உடைக்கும் என்பது நெடுங்காலமாக அறியப்பட்டிருந்த செய்தி. அக்குறை மிகுந்துள்ள கண்டத்திலேயே, குறையைச் சோதித்தறிய வசதியில்லாத கிராமங்களுக்கென்றே, அம்மருந்து வந்தது. குறையுள்ள குழந்தைகளின் குருதி ஆபத்தான அளவுக்குக் குன்றியதை ஆய்வுகள் காட்டியபின், 2008இல் அது மீட்டுக்கொள்ளப்பட்டது. ஸ்டேட்வில் கைதியின் குருதியில் 1956இல் படிக்கப்பட்ட பாடம் ஐம்பத்திரண்டு ஆண்டுகளின் பின் ஆபிரிக்கக் குழந்தையின் குருதியில் மீண்டும் படிக்கப்பட்டது. அறிவின் விலையைக் கொடுத்தவர்கள் ஏழைகள். அந்த அறிவு கடைசியாகச் சென்று சேர்வதும் ஏழைகளிடமே.

இங்கேதான் வள்ளுவரின் நான்காமவன் மீண்டும் எமது நினைவுக்கு வருகிறான்.

ஒரு நோயாளி குருதியமுக்கத்துக்கு ஒரு வைத்தியரிடமும், மூட்டு நோவுக்கு இன்னொருவரிடமும், மனச்சோர்வுக்கு வேறொருவரிடமும் போவார். ஒருவர் எழுதியதை மற்றவர் அறியார். மூன்று துண்டுகளும் வந்து கூடும் இடம் மருந்தாளரின் மேசையே. இந்த உண்மையை முதலில் உணர்ந்து செயற்பட்ட நாடுகளுள் நெதர்லாந்து முக்கியமானது. அங்கு 2005ஆம் ஆண்டில் மருந்தாளர்களின் சங்கமே ஒரு குழுவை அமைத்தது. எந்தப் பரம்பரையலகு உடையவருக்கு எந்த மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்ற விதிகளை அக்குழு வகுத்தது. அவ்விதிகள் நாடெங்கிலும் மருந்துச் சாலைகளின் கணினிகளிற் சேர்க்கப்பட்டன. இக்கருத்தின் வளர்ச்சியாக, ஏழு ஐரோப்பிய நாடுகளில் 6,944 நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வொன்று 2023இல் வெளியாயிற்று. பன்னிரண்டு பரம்பரையலகுகளை முன்கூட்டியே சோதித்து, முடிவை ஓர் அட்டையிற் பதிந்து நோயாளியிடமே கொடுத்தனர். அதன்படி மருந்து வழங்கப்பட்டபோது மருந்துகளின் தீய விளைவுகள் ஏறக்குறைய முப்பது வீதம் குறைந்தன.

அமெரிக்காவில் மருந்தாளர் கல்லூரிகளை அங்கீகரிக்கும் சபை, 2007இல் நடைமுறைக்கு வந்த அதன் தராதரங்களில் இத்துறையையும் பாடத்திட்டத்திற் சேர்த்தது. சேர்த்துவிட்டாற் போதுமா? ஆசிரியராகிய எமக்கு இதன் இடர்ப்பாடு நன்கு விளங்கும். பாடத்திட்டத்தில் ஒரு தலைப்பை எழுதுவது ஒரு நாள் வேலை; அதைக் கற்பிக்கும் ஆசிரியரை உருவாக்குவது ஆண்டுக்கணக்கான வேலை. கற்பிக்க வேண்டியவர்களே இதைக் கற்றிருக்கவில்லை. ஆகவே சன் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக மருந்தாளர் கல்லூரி, அரசாங்க நிதியுதவியோடு பாடங்களைத் தயாரித்து, பிற கல்லூரிகளின் ஆசிரியர்களைப் பயிற்றி, அப்பாடங்களை அவர்களோடு பகிர்ந்துகொண்டது. ஆசிரியர்க்கு ஆசிரியர் என்னும் இம்முறையே எங்கும் பலன் தருவது.

அப்பாடங்களில் என்ன இருக்க வேண்டும்? முதலாவது, வேகமான உடல், மெதுவான உடல் என்ற பிரிவு. இது எளிது. அதன் பின்னர் வருவது அவ்வளவு எளிதன்று. மெதுவான உடலில் ஒரு மருந்து தேங்கி நஞ்சாகும்; உடலில் மாற்றமடைந்த பின்னரே வேலைசெய்யும் வேறொரு மருந்து அதே போன்ற உடலிற் பயனற்றுப் போகும். கோடெயினும், இருதய நோயாளரின் குருதி உறையாமற் காக்கும் குளோப்பிடோகிறெல் என்னும் மருந்தும் இந்த இரண்டாம் வகையின. 'மெதுவானவருக்கு அளவைக் குறை' என்று மனனம் செய்தவர் இங்கே தவறிவிடுவார். இனி, பரம்பரை மட்டுமே விதியன்று. கூடவே உட்கொள்ளும் மற்றொரு மருந்து நொதியத்தைத் தடுத்து, வேகமானவரை மெதுவானவராக்கிவிடும். முதுமையும் சிறுநீரக நோயும் கணக்கை மாற்றும். இறுதியாக, இவற்றையெல்லாம் நோயாளிக்கு அவரது மொழியில், அவரைப் பயமுறுத்தாமல், அவரது குடும்ப இரகசியத்தைப் பிறர் காதில் விழவிடாமல் எடுத்துச் சொல்லும் பண்பு வேண்டும். இது இரசாயனத்தோடு சேர்ந்த மொழிப்பாடம், ஒழுக்கப் பாடமுங்கூட.

பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் மாணவர் தமது சொந்தப் பரம்பரையலகுகளைச் சோதித்து, அதையே பாடமாகப் படிக்கும் வாய்ப்பைப் பெற்றனர். தன் உடலைப் பற்றிய பாடத்தை யார்தான் அக்கறையின்றிப் படிப்பர்? ஆயினும், விரும்பாத மாணவனை வற்புறுத்தலாகாது, முடிவைப் பிறர் அறியலாகாது என்ற விதிகளும் அவற்றோடு சேர்ந்தே வந்தன. கைதியின் ஒப்பத்திலிருந்து மாணவனின் ஒப்பம் வரை வந்த தூரத்தையும் ஒரு முன்னேற்றமாகவே நாம் கொள்ள வேண்டும்.

இக்கல்வியால் உயிர்கள் தப்புமா என்று கேட்போருக்குத் தாய்வானின் உதாரணத்தைக் காட்டலாம். வலிப்பு நோய்க்குரிய காபமசெப்பின் மலிவான, நல்ல மருந்து. மிகச் சிலருக்கு அது தோலைத் தீப்பட்டதுபோல உரித்துச் சாவுக்கும் இட்டுச் செல்லும். அவ்வாறு பாதிக்கப்பட்ட 44 தாய்வான் நோயாளரை ஆராய்ந்தபோது, அந்த 44 பேரிடமும் எச்.எல்.ஏ.-பி 1502 என்னும் ஒரே பரம்பரை அடையாளம் இருப்பது 2004இல் தெரியவந்தது. பின்னர் 4,877 பேரை மருந்து தொடங்குமுன்னரே சோதித்து, அடையாளம் உடையவர்களுக்கு வேறு மருந்து கொடுத்தனர். அவர்களுள் ஒருவருக்கேனும் அக்கொடிய விளைவு நேரவில்லை என்று 2011இல் அறிவித்தனர். மருந்தைத் தடை செய்யாமலே, ஆபத்திலிருப்பவரை மட்டும் விலக்கிக் காத்த அறிவு அது.

இதே அறிவு சந்தையின் கையில் எவ்வாறு உருமாறும் என்பதையும் மறைத்தலாகாது. 2005இல் அமெரிக்காவில் 'பைடில்' என்னும் இருதய மருந்து, எந்தப் பரம்பரையலகுச் சோதனையுமின்றி, 'கறுப்பினத்தவருக்கான மருந்து' என்று அங்கீகாரம் பெற்றது. பழைய இரண்டு மருந்துகளின் சேர்க்கையே அது. தோலின் நிறம் இங்கே வியாபாரக் குறியாயிற்று. இதற்கு நேர்மாறான அநீதியும் உண்டு. வார்பரின் என்னும் மருந்தின் அளவைப் பரம்பரையலகு கொண்டு கணிக்கும் முறையொன்று பரீட்சிக்கப்பட்டு 2013இல் முடிவு வெளியானபோது, கறுப்பின நோயாளரிடம் அம்முறை சாதாரண முறையிலும் பார்க்கத் தாழ்ந்திருந்தது. ஆபிரிக்க வழியினரிடம் முக்கியமான சில மாறுபாடுகள் அக்கணிப்பிற் சேர்க்கப்படவில்லை. நோயூட்டிப் பார்க்க வேண்டியபோது சிறைச்சாலையின் உடல்கள் தேடப்பட்டன. மருந்தளவைக் கணிக்க வேண்டியபோது அவ்வுடல்களின் உறவினர் மறக்கப்பட்டனர். நோயாளியின் தோலைப் பார்த்தோ, பெயரைப் பார்த்தோ, ஊரைப் பார்த்தோ அவரது குருதியை ஊகிக்கலாகாது என்பதை மருந்தாளருக்குக் கற்பிக்க வேண்டிய காரணம் இதுவே. சாதியின் பெயராற் குருதியைப் பிரித்துப் பழகிய எமது சமுதாயத்தில் இப்பாடத்தின் தேவை இன்னும் கூடுதலானது.

எமது நாடும் இவ்வரலாற்றுக்கு வெளியே நிற்கவில்லை. 1934-35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயில் இலங்கையில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். கிராமங்களுக்கு மருந்தும் உணவும் சுமந்து சென்றவர்களுள் அக்காலத்து இடதுசாரி இளைஞரும் இருந்தனர் என்பதை வாசகர் அறிவர். 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியாவற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அவ்வெற்றிக்கு உதவிய கருவிகளுள் பிறைமாகுவினும் ஒன்று. யாரென்று நாம் அறியாத ஸ்டேட்வில் கைதிக்கு எமது கிராமங்களும் கடன்பட்டிருக்கின்றன. 2018இல் அம்மருந்தின் வழிவந்த தபெனோகுவின் அங்கீகரிக்கப்பட்டபோது, நொதியத்தைச் சோதிக்காமல் அதைக் கொடுக்கலாகாது என்ற நிபந்தனை சேர்ந்தே வந்தது. அக்கடனில் ஒரு சிறு பங்கேனும் அன்று தீர்க்கப்பட்டதாகக் கொள்ளலாம்.

மருந்தும் மக்களும் என்று பேசுமிடத்து பேராசிரியர் சேனக பிபிலேயை நினையாதிருக்க முடியாது. 1971இல் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து அவர் அளித்த அறிக்கையும், அவ்வாண்டு உருவான அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனமும், மருந்தை வியாபாரப் பெயரிலிருந்து விடுவித்து மக்களிடம் சேர்க்க முயன்றன. 1977இல் அவர் மறைந்தபோதும் அக்கொள்கை பல வறிய நாடுகளுக்கு வழிகாட்டியாயிற்று. தேவையான மருந்து, நியாயமான விலையில், எல்லாருக்கும் என்பது அவரது போராட்டம். அதன் அடுத்த படி, அம்மருந்து இந்த உடலுக்கு ஏற்றதா என்று கேட்கத் தெரிந்த ஒருவர் யன்னலின் உட்புறத்தில் நிற்க வேண்டும் என்பதாகும். முதற்படியை விட்டு இரண்டாம் படிக்குத் தாவ முடியாது. மருந்தே கிடைக்காதவனுக்குப் பரம்பரையலகுச் சோதனை ஒரு கேலி. ஆனால் முதற்படியோடு நின்றுவிடவும் கூடாது.

எல்லா நோயாளருக்கும் விலையுயர்ந்த சோதனையை நாளைக்கே செய்யுங்கள் என்று நாம் கோரவில்லை. யாழ்ப்பாணம் உட்பட எமது பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இன்று மருந்தாளர் பட்டப்படிப்பு நடைபெறுகிறது. அங்கு படிக்கும் மாணவருக்கு நொதியங்களின் பெயர்களோடு இவ்வரலாறும் கற்பிக்கப்படட்டும்: வாழைத்தோட்டத் தொழிலாளியும், ஸ்டேட்வில் கைதியும், சென்னைச் சேரியின் சயரோகியும் அவர்களது முதல் ஆசிரியர்கள் என்பதை அவர்கள் அறியட்டும். "முன்பு எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமற் போனதுண்டா? உங்கள் தாய், தகப்பன், சகோதரர் யாருக்காவது அப்படி நேர்ந்ததுண்டா?" என்று கேட்பதற்குப் பணம் வேண்டியதில்லை. கேட்க வேண்டுமென்ற அறிவு வேண்டும். விடையின் பொருளை விளங்கும் பயிற்சி வேண்டும். பின்னால் நூறுபேர் நிற்கும்போதும் ஒருவருக்கு அந்த ஒரு நிமிடத்தைக் கொடுக்கக்கூடியதாக யன்னலுக்குப் பின்னால் போதிய ஆட்கள் வேண்டும். முதல் இரண்டும் கல்வியின் பொறுப்பு. மூன்றாவது அரசின் பொறுப்பு. மூன்றையும் சேர்த்துக் கேட்பது மக்களின் உரிமை.